ஏரிக்கரையும் மலைத்தடமும்: கள்ளக்குறிச்சி வட்டாரத்துக்குச் சக்கரம் வந்த வரலாறு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளுள் ஒன்றான கல்வராயன் மலை, வடக்கே தென்பெண்ணையாற்றுக்கும் தெற்கே வசிட்ட நதிப் பள்ளத்தாக்குக்கும் இடையில், ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2,000 அடி முதல் 4,000 அடி வரையிலான உயரத்தில் பரந்து கிடக்கிறது. அதன் கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் கோமுகி, மணிமுக்தா ஆகிய ஆறுகளாகத் திரண்டு கள்ளக்குறிச்சிச் சமவெளிக்குள் நுழைந்து, வழியிலுள்ள ஏரிகளை நிரப்பிவிட்டு, முடிவில் வெள்ளாற்றைச் சேர்கின்றன. மேலே மலையும் கீழே ஏரிகளுமாக அமைந்த இவ்வட்டாரத்தில், மோட்டார் வண்டி அரிதாகவே எதிர்ப்படும் பாதைகள் இன்றும் இரண்டு வகையில் எஞ்சியிருக்கின்றன. ஒன்று, ஏரிக்கரையின் முதுகில் செல்லும் மண்பாதை. மற்றொன்று, மலைமேல் காட்டை ஊடறுத்துச் சிற்றூர்களை இணைக்கும் கிராவல் தடம், அதாவது செம்மண்ணும் சரளையும் கலந்து கொட்டிச் சமன்செய்த, தார் காணாத வழி. அமைதியான பாதைகளைத் தேடி வரும் இக்கால மிதிவண்டிப் பயணிக்கு இவை இயற்கை அளித்த கொடையாகத் தோன்றலாம். ஆனால் மலைத்தடத்தில் வண்டி வராமற்போனதற்கு இயற்கை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி நிலவுரிமையிலும் வரிக்கணக்கிலும் காட்டுச் சட்டத்திலும் இருக்கிறது.

பெருவழிகள் எப்போதும் இம்மலையைச் சுற்றியே சென்றன. கொங்கு நாட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் கிழக்குக் கடற்கரைக்கு இறங்க விரும்பியவர்களுக்கு இரண்டு இடைவெளிகள் இருந்தன. தெற்கே, கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும் நடுவே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. வடக்கே, ஜவ்வாது மலைக்குத் தெற்கே செங்கம் கணவாய். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்கள் வசிட்ட நதிக் கரையிலுள்ள ஆறகளூரைத் தலைநகராகக் கொண்டது இந்தத் தெற்கு வழியின் பெறுமானம் அறிந்தே என்று கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டுப் போர்களிலும் படைகள் நடந்தவை இவ்விரு வழிகளே. 1767இல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் செங்கத்தில் போர் மூண்டது. ஆத்தூர் வழியின் கிழக்கு வாயிலில் நிற்கும் தியாகதுருகம் பாறைக்கோட்டைக்காகப் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்ப் படையினர் என எல்லோரும் மோதினர். 1790இல் திப்பு சுல்தான் அதைத் தாக்கியபோது கேப்டன் பிளின்ட் என்பவர் காத்து நின்றார். இவ்வளவு படை நடமாட்டத்துக்கு நடுவிலும் மலையின் உட்புறத்துக்கு எவரும் பீரங்கி வண்டியை ஏற்ற வேண்டிய தேவை எழவில்லை. இன்று சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியாக உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் அதே பழைய தெற்கு வழியையே பெரும்பாலும் பின்பற்றுகிறது.

சமவெளியின் ஏரிக்கரைப் பாதைக்கு வேறொரு பிறப்பு உண்டு. அது பாதையாகத் திட்டமிடப்பட்டதன்று. மழைநீரைத் தேக்குவதற்காகச் சரிவுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி எழுப்பிய கரை, காலப்போக்கில் ஊருக்கு ஊர் செல்லும் மேட்டு வழியாகவும் ஆயிற்று. வயல்வெளி முழுவதும் சேறாகக் கிடக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், காலில் சேறு படாமல் நடக்கக்கூடிய ஒரே இடம் அந்தக் கரைதான். ஏரி அமைப்பின் உறுப்புகள் ஒவ்வொன்றும் இந்த வழியின் போக்கையும் வரையறுத்தன. ஆற்றிலிருந்தோ மேல் ஏரியிலிருந்தோ தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால், பாசனத்துக்கு நீர் திறக்கும் மதகு, நிரம்பியபின் உபரி நீர் வழிந்தோடும் கலங்கல் என்பன அவை. மதகின் மேல் வழி குறுகும். கலங்கலில் வழி கல்தளத்துக்கு இறங்கி மறுபுறம் ஏறும். ஏரி கோடி போகும் நாள்களில், அதாவது நிரம்பிக் கலங்கலில் வழியும் நாள்களில், வண்டி நின்றுவிடும். நடப்பவர் வேட்டியை மடித்துக்கொண்டு கடப்பர். மிதிவண்டிக்காரர் வண்டியைத் தோளில் தூக்கிக்கொள்வார்.

கரையைக் காப்பதே பாதையைக் காப்பதாகவும் இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்னும் குழுவும், ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட ஏரிப்பட்டி நிலமும் குறிக்கப்படுகின்றன. உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இவ்வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளையே எழுதிவைத்துள்ளது. பிற்காலத்தில் ஊரார் கூடித் தூர் வாரிக் கரைக்கு மண் அணைக்கும் குடிமராமத்து வழக்கம் நிலவியது. கம்பெனி ஆட்சியில் அது தளர்ந்து, கரைகள் உடையத் தொடங்கியதும், 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் அதை மீட்க அரசு முயன்றது. ஊரார் மனமுவந்து செய்துவந்ததைத் தண்டனைக்கு அஞ்சிச் செய்யவைக்கும் அச்சட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதில் வியப்பில்லை. எனினும் கரை நின்றது. அதன் மீது மாட்டு வண்டி ஓடவும் முடிந்தது, சில இடங்களில் ஓடாமல் தடுக்கவும் பட்டது. ஏனெனில் இரும்புப் பட்டை கட்டிய வண்டிச் சக்கரம் கரையின் மேல்மண்ணை அறுத்துத் தடம் பதித்துவிடும். அந்தத் தடத்தில் மழைநீர் தேங்கி ஊறினால் கரையே பிளக்கும். இதனால்தான் பல ஊர்களில் வண்டிப் பாதை கரையின் அடிவாரத்திலும், நடைபாதை கரையின் உச்சியிலுமாக இரண்டாகப் பிரிந்தது.

மலைமேல் நிலைமை முற்றிலும் வேறு. கல்வராயன் மலையின் மக்களான மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் என்றும், அவர்களே பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். தமிழே பேசும் இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. ஊர்கள் பல சேர்ந்தது ஒரு நாடு. பெரிய கல்வராயன் மேல்நாடு, கீழ்நாடு, சின்னக் கல்வராயன் வடக்குநாடு, தெற்குநாடு என்று சேலம் மாவட்டப் பகுதியில் இன்றும் ஊராட்சிகளின் பெயராகவே இப்பிரிவுகள் நீடிக்கின்றன. தென்னார்க்காட்டுப் பகுதியில் சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் ஆகியோரின் மூன்று ஜாகீர்கள் இருந்தன. ஜாகீர் என்பது ஒரு நிலப்பகுதியின் வருவாயைத் திரட்டி அனுபவிக்கும் உரிமை. அவ்வுரிமையை உடையவர் ஜாகீர்தார். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் வழங்கிய உரிமை இது என்பது அவர்கள் தரப்பு வழக்கு.

1792இல் சேலமும் 1801இல் தென்னார்க்காடும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, ஒரே மலை இரண்டு மாவட்டங்களுக்குப் பங்கிடப்பட்டது. இரண்டு கலெக்டர்களுக்கும் அது எல்லைப்புறம். இருவருக்கும் அது காய்ச்சல் பூமி. மலேரியாவுக்கு அஞ்சி அதிகாரிகள் அங்கே தங்குவதைத் தவிர்த்தனர். ஜாகீர்தார் மூலம் வந்துசேரும் தொகையோடு அரசு நிறைவடைந்ததால், சமவெளியில் வயல் வயலாக நடந்த நில அளவையும் தனித்தனிப் பட்டாவும் மலைக்கு ஏறவில்லை. அளக்கப்படாத நிலத்துக்கு வரைபடம் இல்லை. வரைபடம் இல்லாத இடத்துக்குச் சாலை மதிப்பீடு தயாராவதும் இல்லை. ஜாகீர்தாருக்கும் சாலை தேவைப்படவில்லை என்பதே பொருத்தமாகப் படுகிறது. கூலியின்றி உழைக்கக் கடமைப்பட்ட குடிகள் தலைச்சுமையாகவே எதையும் கொண்டுவந்து சேர்க்கும்போது, வண்டிக்கு வழி வெட்ட அவர் ஏன் செலவிட வேண்டும்?

ஆகவே மலையில் உருவானவை காலால் இட்ட பாதைகளே. அவற்றின் போக்கை இன்றும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியும். வண்டிக்காக வெட்டும் சாலை ஏற்றத்தைக் குறைக்க வளைந்து வளைந்து, கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும். சுமைக்காரர் பாதையோ ஓடையின் ஓரத்தைப் பிடித்து, பாறைப் படிகளில் நேராக ஏறி, மேட்டில் மூச்சு வாங்க ஒரு மரத்தடியில் நிற்கும். ஏற்றத்தில் கூடுதலாக மூச்சு வாங்கினாலும் தூரம் குறைவதையே தலையில் பாரம் உள்ளவர் விரும்புவார். கடுக்காய், புளி, தேன், சாமை, தினை ஆகியன இப்பாதைகளில் இறங்கின. உப்பும் துணியும் இரும்பும் ஏறின. தலைச்சுமை, காவடி போல இருபுறமும் பாரம் தொங்கும் காவுதடி, பொதிமாடு, கழுதை என்பவையே போக்குவரத்துச் சாதனங்கள். நோயாளியையோ பேறுகால வலி கண்ட பெண்ணையோ, கம்பில் துணியைத் தூளியாகக் கட்டி இருவர் தோளில் சுமந்து இறக்கும் டோலி முறை, பாதை வசதியில்லாத சிற்றூர்களில் மிக அண்மைக்காலம் வரை தொடர்ந்தது. கடுக்காய் தோல் பதனிடும் தொழிலின் முக்கியப் பொருள். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலுக்குப் போய்ச்சேர்ந்த மூட்டைகளின் முதல் சில மைல் பயணம் இப்படி ஒற்றையடிப் பாதைகளில்தான் நடந்தது.

இதே காலத்தில் அடிவாரத்துக்குக் கீழே சாலைக் கலை வெகுவாக மாறிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்காடம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகழ்பெறச் செய்த முறை எளியது: ஒரே அளவாக உடைத்த சிறுகற்களை அடுக்கடுக்காகப் பரப்பி, வண்டிகளின் பாரத்தாலேயே அவை ஒன்றோடொன்று கவ்வி இறுகும்படி விடுவது, நடுவில் சற்று உயர்த்தி இருபுறமும் நீர் வடியச் செய்வது. தமிழ்நாட்டில் கப்பி ரோடு என்று வழங்கும் சாலை இதன் வழிவந்ததே. உடைத்த கப்பிக்கல்லைப் பரப்பி, மேலே கிராவல் தூவி, தண்ணீர் ஊற்றி, உருளையால் அழுத்துவது கப்பி ரோட்டின் செய்முறை. சாலைகள் போடுவதற்கு அரசு பணமும் திரட்டியது. சென்னை மாகாணத்தில் 1866ஆம் ஆண்டின் மாவட்டச் சாலைச் சட்டம் நிலவரியோடு சேர்த்துச் சாலை வரியை விதித்தது. 1871இல் உள்ளூர் நிதிச் சட்டமும், 1884இல் உள்ளாட்சி வாரியச் சட்டமும் அதைத் தொடர்ந்தன. ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு என மக்கள் அழைத்த வாரியங்கள் போட்ட இந்தச் சாலைகள் சந்தையையும் தாலுக்கா தலைமையிடத்தையும் ரயிலடியையும் நோக்கியே நீண்டன. 1931இல் விருத்தாசலம்–சேலம் மீட்டர் கேஜ் ரயில்பாதை சின்னசேலம் வழியாகத் திறக்கப்பட்டபின் அந்த ஈர்ப்பு இன்னும் கூடியது. இருமருங்கும் புளியமரம் நட்டு, அதன் காய்ப்பைக் குத்தகைக்கு விட்டு வருமானமும் பார்த்த அந்தச் சாலைகள் மலையடிவாரத்தில் சட்டென்று நின்றன.

மிதிவண்டி இவ்வட்டாரத்துக்குள் நுழைந்தது இப்படி அமைந்திருந்த கப்பிச் சாலைகளின் வழியாகத்தான். இரு சக்கரங்களும் ஏறத்தாழச் சம அளவுள்ள, சங்கிலியால் இயங்கும் மிதிவண்டி 1885இல் இங்கிலாந்தில் வடிவம் பெற்றது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். காற்றடைத்த டயர் இல்லையேல் சரளைப் பாதையில் மிதிவண்டிக்கு வேலையே இல்லை என்பதால், இந்நாட்டைப் பொறுத்தவரை இரண்டாவது கண்டுபிடிப்பே பெரிது. தொடக்கத்தில் ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் போன்ற இங்கிலாந்து வண்டிகள் அதிகாரிகளுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் மட்டும் எட்டின. 1949இல் முருகப்பா குழுமம் ஆங்கில நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகு, சிறு விவசாயியின் வீட்டுத் திண்ணை ஓரத்திலும் ஒரு வண்டி சாய்ந்து நிற்கும் நிலை மெல்ல உருவாயிற்று. வாங்க முடியாதவருக்கு மணிக்கணக்கில் வண்டி தரும் வாடகைச் சைக்கிள் கடைகள் இருந்தன. ஊராட்சிக்கு ஆண்டு வரி கட்டி, அதற்கு அடையாளமாகத் தரும் தகர வில்லையை வண்டியில் மாட்டிவைப்பதும், இரவில் விளக்கில்லாமலோ இருவராகவோ சென்று போலீஸ்காரரிடம் அகப்படுவதும் அக்காலத்து அன்றாடச் செய்திகள்.

ஏரிக்கரைக்கும் மிதிவண்டிக்கும் இயல்பாகவே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டையைப் போல் ரப்பர் டயர் கரையை அறுப்பதில்லை. ஒற்றைத் தடம் போதுமாகையால் மதகின் குறுகிய மேல்பகுதியிலும் அது செல்லும். சுற்றுவழியான போர்டு ரோட்டை விட்டு, ஏரிக்கு ஏரி தாவிச் செல்லும் குறுக்கு வழியாகக் கரைகளைப் பால்காரரும் தபால்காரரும் பாத்திர வியாபாரியும் பயன்படுத்தினர். கேரியரில் ஒரு மூட்டையும் பாரின் இருபுறமும் இரண்டு பைகளும் கட்டி, தாழ்வான பகுதியில் இறங்கித் தள்ளி, மேட்டில் மறுபடி ஏறி மிதிக்கும் அந்தப் பயணத்தை எவரும் அன்று சாகசம் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு அரசு 2001–02இல் பதினொன்றாம் வகுப்புப் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்குத் தொடங்கி, பின்னர் மற்றவர்களுக்கும் விரிவாக்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், கரைப்பாதைகளில் பள்ளிச் சீருடைகளையும் கொண்டுவந்து சேர்த்தது. மலையில் பள்ளிக்கூடம் எட்டாத தொலைவுக்கு வேறு விடை காணப்பட்டது: பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். பிள்ளை நாள்தோறும் வந்துபோகப் பாதை இல்லாத இடத்தில் பிள்ளையைப் பள்ளியிலேயே தங்கவைப்பது அரசுக்கு எளிதாக இருந்தது.

மலைக்குச் சக்கரம் ஏறுவதற்கு நிலவுரிமை மாறவேண்டியிருந்தது. 1948இல் ஜமீன்கள் ஒழிக்கப்பட்டன. 1963இல் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜாகீர்தார்கள் நீதிமன்றத்தை நாடியதால் கல்வராயன் மட்டும் நெடுங்காலம் இழுபறியில் கிடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜூன் 25 அன்று, அரசு மலையை நேரடியாகத் தன் நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே 1976ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 29 ஆண்டுகள் கழிந்த பின்னரே நில அளவைச் சங்கிலியும் வருவாய்த் துறைப் பதிவேடும் இம்மலைக்கு வந்தன என்பது தமிழக வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரு வரிகூடப் பெறாத செய்தி.

அடிவாரத்தில் அதற்கு முன்பே மாற்றம் தொடங்கியிருந்தது. கச்சிராயபாளையம் அருகே 46 அடி நீர்மட்டக் கொள்ளளவுடன் கோமுகி அணையும், 36 அடி அளவில் மணிமுக்தா அணையும் கட்டப்பட்டு, பழைய ஏரிகள் பலவற்றுக்கு நீர்வரத்தை முறைப்படுத்தின. அணைக்கரையும் கால்வாய்க் கரைகளும் சேர்ந்து புதிய மண்பாதைகளின் வலைப்பின்னலைத் தந்தன. பின்னாளில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் வந்ததும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வயலோரத் தடங்களை அகலமாக்கின. மலைமேலே இந்த வேலையைச் செய்தது மரவள்ளிக்கிழங்கு. சாமையும் தினையும் வீட்டுக்கு. மரவள்ளியோ ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு. வெட்டிய கிழங்கு நாள்பட்டால் மாவுச்சத்து குறையும் என்பதால், லாரி தோட்டத்தருகே வந்தாக வேண்டும். கச்சிராயபாளையத்திலிருந்து பரிகம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் மலைச்சாலையிலிருந்தும், சேலம் பக்கம் கருமந்துறைச் சாலையிலிருந்தும், கரியாலூர், சேராப்பட்டு, கிளாக்காடு, இன்னாடு முதலிய ஊர்ப்புறங்களில் கிராவல் கிளைத்தடங்கள் பெருகியதில் கிழங்கு லாரிக்கு ஊராட்சி நிதிக்குச் சமமான பங்கு உண்டு. கரியாலூரில் ஏரியும் படகுத் துறையும் அமைந்து கோடை விழா நடக்கத் தொடங்கியது இதற்குப் பிந்திய கதை.

ஆளில்லாப் பாதைகள் எல்லாருக்கும் ஒரே வகையில் பயன்பட்டன என்று சொல்ல இயலாது. ஓடைக்கரைகளில் சாராய ஊறல் போட்டு, காய்ச்சியதை லாரி டியூப்களில் நிரப்பி, பழைய சுமைக்காரர் தடங்கள் வழியே இரவில் இறக்கும் தொழில் பல பத்தாண்டுகள் நடந்தது. வேலை கிடைக்காத மலையில் அது கூலி தந்தது என்பதையும் மறைக்கலாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம், அது மலைச்சரக்கன்று. ஆயினும் அந்தப் பேரிழப்பை ஒட்டியே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கை எடுத்து, சாலை, மருத்துவம், பள்ளி ஆகியவை பற்றி அரசிடம் கேள்வி எழுப்பியது. 2019 நவம்பர் 26 அன்று தொடங்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டமாக மலை ஆகிவிட்டபின்னும் சாலையே முதற்கேள்வியாக நின்றது.

சாலை கேட்கும் இக்குரலுக்கு நேரெதிராக, இத்தாலியில் டஸ்கனி மாநிலத்தின் வெண்சரளைப் பாதைகளைத் தார் மூடிவிடாமல் காக்கவேண்டும் என்னும் நோக்கில் 1997இல் லெரோய்கா என்னும் மிதிவண்டி விழா தொடங்கப்பட்டது. பழைய பாதையைப் பாதுகாக்கும் அந்த எண்ணம் உயர்ந்தது; ஆனால் தார்ச்சாலை ஏற்கனவே வீட்டு வாசல்வரை வந்துவிட்ட நாட்டுக்கு அது பொருந்தும். கல்வராயன் மலைச் சிற்றூர்களான வஞ்சிக்குழியிலோ மேல்பாச்சேரியிலோ வாழ்பவரிடம் கிராவல் தடத்தின் அழகைப் புகழ்ந்தால், மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் எங்கே நின்றுவிடும் என்பதை அவர் கைகாட்டிச் சொல்லக்கூடும்.

தார் போடுவதற்குத் தடையாக இன்று ஜாகீர்தார் இல்லை, காடு இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடு என்னும் வகையை உருவாக்கியது. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காப்புக்காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இதில் ஒரு வாயிலைத் திறந்தது. கிராம சபை பரிந்துரைத்தால், சாலை, பள்ளி, குடிநீர் போன்ற பொதுத் தேவைகளுக்கு, ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் பயன்படுத்த, மத்திய அரசின் அந்த ஒப்புதலின்றியே அனுமதி கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் எல்லை புரியும். இரு ஓரங்களையும் சேர்த்து 6 மீட்டர் அகலத்தில் ஒரு மலைச்சாலை போடுவதானால், ஒரு ஹெக்டேர் நிலம் 1,700 மீட்டருக்குக்கூடப் போதாது. ஊர் எல்லைக்குள் தார் ஏறிவிட்ட சாலை, நடுவில் காடு அதைவிட நீளமாகக் குறுக்கிடும் இடத்தில் கிராவலாக மாறி, காட்டைக் கடந்ததும் மறுபடி தாராக மாறுவதைக் கல்வராயனில் காண நேர்ந்தால், காரணத்தை இந்தக் கணக்கிலும் தேடலாம்.